சாக்ஸை மேலே இழுக்கச் சொன்ன மெயில்: உழைப்பு, எரிச்சல், கஷ்டம் பற்றிய ஆங்கிலப் பேச்சுத் தொடர்களும் நம் கொங்குப் பேச்சும்

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன். பையர் அனுப்புகிற மெயிலைப் படித்து, அவர் என்ன கேட்கிறார் என்பதைக் கட்டிங் மாஸ்டர் முதல் செக்கிங் அக்காக்கள் வரை எல்லோருக்கும் புரியும்படி சொல்வதுதான் என் வேலையில் பாதி.

போன வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து பையர் ஒருவருக்குக் குழந்தைகள் டீ-ஷர்ட்டும் பேன்ட்டும் சேர்ந்த செட் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பிள் இரண்டு முறை தாமதம். அடுத்து வந்த மெயிலின் கடைசி வரி, "யூ ரியலி நீட் டு புல் யுவர் சாக்ஸ் அப்". செட்டோடு சாக்ஸும் சேர்க்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே சாக்ஸ் போடுகிற இடத்தில் விலை வாங்கி, கணுக்கால் வரையா முழங்கால் வரையா என்று கேட்டுப் பதில் எழுதினேன். அவரோ, 'இனிமேலாவது ஒழுங்காக வேலை பாருங்கள்' என்று கண்டித்திருக்கிறார். கண்டித்தவருக்கு நான் சாக்ஸ் விலை அனுப்பியிருக்கிறேன். தன்னைக் கிண்டல் செய்கிறோம் என்று நினைத்துவிட்டார். ஏஜென்ட் போனில் கத்தினார். அடுத்த சீசன் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. பவர் டேபிளில், அதாவது தையல் மிஷின் வரிசையில், இரண்டு லைன் மூன்று வாரம் காலியாகக் கிடந்தபோது, அந்தப் பக்கம் போக எனக்குக் கால் எழவில்லை.

எனக்கு ஆங்கிலம் தெரியும். இலக்கணப் பிழை இல்லாமல் மெயில் எழுதுவேன். ஆனால் இந்த மாதிரித் தொடர்கள் நான் படித்த எந்தப் பாடத்திலும் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று விஷயம்தான் வருகிறது: உழைப்பு, எரிச்சல், கஷ்டத்தைத் தாண்டி வருவது. யோசித்தால் சரிதான், ஷிப்மென்ட் நேரத்தில் மனிதன் வேறு எதைப் பற்றி எழுதுவான்?

அகராதியில் பொருள் கிடைக்கிறது, ஆனால் மனதில் நிற்பதில்லை. எந்த வேலையிலிருந்து வந்தது, நம் ஊர்ப் பேச்சில் எதற்கு இணை என்று தெரிந்தால் நிற்கும். இப்போது என்னைப் படுத்துபவை: எல்போ கிரீஸ், ஆன் டென்டர்ஹூக்ஸ், கெட்ஸ் மை கோட் (சட்டை கோட் இல்லைங்க, ஆடு), லாஸ்ட் ஸ்ட்ரா, பைட் த புல்லட். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கோபி டீச்சர்

தம்பி, முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குத்தான் மனம் கஷ்டமாகிவிட்டது. நாங்கள் பாடத்தில் 'ரெயினிங் கேட்ஸ் அண்டு டாக்ஸ்' சொல்லிக்கொடுத்தோம். அதை ஒரு வெள்ளைக்காரராவது உங்களுக்கு எழுதியிருப்பாரா? உங்களுக்குத் தேவைப்பட்டதைச் சொல்லித் தரவில்லை.

சாக்ஸிலிருந்தே தொடங்குகிறேன். முழங்கால் வரை சாக்ஸ் போட்ட பள்ளிக்கூடப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாக்ஸ் நழுவிக் கணுக்காலில் சுருண்டு கிடக்கிறது. 'இழுத்துவிட்டு ஒழுங்கா நில்லு' என்கிறார் வாத்தியார். அந்தத் தொனிதான் இந்தத் தொடருக்கும். நம்மிடம் வேலைக்கு இறங்குமுன் வேட்டியை வரிந்து கட்டுவதும், முந்தானையை இழுத்துச் செருகுவதும் உண்டல்லவா? ஆங்கிலேயர் சட்டைக் கையை மடக்குகிறார், 'ரோல் அப் யுவர் ஸ்லீவ்ஸ்' என்று. ஆனால் கவனம். ஸ்லீவ்ஸ் என்றால் அதில் உற்சாகம் இருக்கிறது, 'வாங்க, இறங்கிப் பார்த்துவிடலாம்' என்பது போல. சாக்ஸ் என்றால் அது திட்டு.

எல்போ கிரீஸ்: நோம்பிக்கு (பண்டிகைக்கு) முன்னால் பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்ப்போமே, முழங்கை கடுக்கக் கடுக்க, அந்தத் தேய்ப்புதான். கடையில் எந்த எண்ணெய் வாங்கினாலும் அண்டா தானாகப் பளபளக்காது, முழங்கையிலிருந்து வருகிற எண்ணெய்தான் வேண்டும் என்கிறார்கள். ஆண்ட்ரூ மார்வெல் என்ற கவிஞர் 1672-லேயே இதை எழுதியிருக்கிறார். 'நீட்ஸ் சம் எல்போ கிரீஸ்' என்று மெயிலில் வந்தால், கருவி வாங்கச் சொல்லவில்லை, கைவேலை இன்னும் வேண்டும் என்கிறார்கள்.

இன்னொன்று, 'பர்னிங் த மிட்நைட் ஆயில்'. ஃபிரான்சிஸ் குவார்ல்ஸ் 1635-ல் எழுதிய கவிதையில் நள்ளிரவு எண்ணெய் வருகிறது. விளக்கில் எண்ணெய் எரித்து இரவில் கண்விழித்துப் படித்த காலம். இதைப் படிப்பு, கணக்கு, எழுத்து வேலைக்குத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். உங்கள் டெய்லர்கள் ஃபுல் நைட் தைத்ததற்கு இதைப் போட்டால் அவ்வளவு பொருந்தாது.

சாயச்சட்டி (பெருந்துறை)

டென்டர்ஹூக்ஸ் எனக்கு விடுங்க! நான் பிராசசிங்கில் இருக்கிறேன், ஸ்டென்டர் ஓட்டுகிறவன்.

நொய்யல்கரை அண்ணா, நீங்கள் ஸ்டென்டர் பார்த்திருப்பீர்கள். துணியின் இரண்டு ஓரத்தையும் ஊசி வரிசை குத்திப் பிடித்துக்கொள்ளும். வேண்டிய அகலத்துக்கு இழுத்து, அப்படியே சூடான சேம்பருக்குள் கொண்டுபோகும். வெளியே வரும்வரை அந்த இழுப்பில்தான் துணி நிற்கும். இதே வேலையை இங்கிலாந்தில் இயந்திரம் வருவதற்கு முன்னால் வெயிலில் செய்தார்கள். கம்பளித் துணியை நெய்து அலசியதும் அது சுருங்கும். அதனால் நீளமான மரச்சட்டங்களை மைதானத்தில் நட்டு, அதில் வளைந்த ஆணிகளை வரிசையாக அடித்து, துணியை அந்த ஆணிகளில் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். சட்டத்துக்குப் பெயர் டென்டர், ஆணிக்குப் பெயர் டென்டர்ஹூக். முடிவு தெரியாமல் மனசு இப்படி இரண்டு பக்கமும் இழுபட்டு நிற்பதுதான் 'ஆன் டென்டர்ஹூக்ஸ்'. ஸ்மாலெட் என்பவர் 1748-ல் வெளிவந்த நாவலில் எழுதியிருக்கிறார்.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. அந்த டென்டரும் நாம் தினம் சொல்கிற டென்ஷனும் ஒரே இலத்தீன் வேர். இழுத்து விரிப்பது என்று பொருள். அப்படியானால் 'டென்ஷன் ஆயிட்டேன்' என்று நாம் சொல்லும்போதெல்லாம் ஸ்டென்டரில் ஏறிய துணியைத்தான் சொல்கிறோம். இது தெரிந்த நாளிலிருந்து மிஷினைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது எனக்கு.

நம் பேச்சில் இதற்குச் சரியான இணை 'முள்ளு மேல நிக்கிற மாதிரி இருக்குது'. ஆணிக்கு முள். பையர் இதை எழுதினால் கோபம் என்று எடுக்க வேண்டாம், பதிலுக்காகத் தவிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடனே ஒரு வரி எழுதிப்போட்டால் அவருக்கு உயிர் வந்துவிடும்.

கோம்பர் (சிங்காநல்லூர்)

துணியிலிருந்து பஞ்சுக்கு வருகிறேன். மில்லில் கோம்பிங் டிபார்ட்மென்டில் இருபத்தாறு வருடம். பஞ்சைச் சீவி, குட்டை இழையைப் பிரித்து எடுப்போம். இதே மாதிரி ஆளிவிதைச் செடியின் நாரைச் சீவ அந்தக் காலத்தில் ஆணிகள் அடித்த பலகை ஒன்று உண்டு, பெயர் ஹெக்கிள். மேடையில் பேசுகிறவரைக் குறுக்கே கேள்வி கேட்டுக் குடைவதற்கும் ஹெக்கிள் என்றே பெயர் வந்தது. ஸ்காட்லாந்தில் டண்டி ஊர் நார் சீவும் தொழிலாளர்கள் அதற்குப் பேர்போனவர்கள் என்று சொல்வார்கள். கேள்வியாலேயே ஆளைச் சீவி எடுப்பது. 'உன்னை வகுந்துருவேன்' என்று நாம் சொல்வது நினைவுக்கு வருகிறது.

சென்னிமலைத் தறி

எல்லாம் நல்லா இருக்குதுங்க. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அவர்கள் சாக்ஸையும் ஆட்டையும் நாம் இவ்வளவு கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்கிறோம். நம் பேச்சை யார் எழுதி வைத்தார்கள்? நான் தறிக்காரன். கஷ்டத்துக்கு நாம் சொல்கிற 'சிக்கல்' என்ற சொல்லே நூலில் விழுகிற சிக்குதானே? பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஓட்டும்போது ஒரு இடத்தில் சிக்கு விழுந்தால் இழுக்கக் கூடாது. இழுத்தால் முடிச்சு இறுகும், இழை அறும். உட்கார்ந்து, எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று பார்த்து, தளர்த்தித் தளர்த்திப் பிரிக்க வேண்டும். ஒரு குடும்பச் சண்டையை எங்கள் அப்பாரு (தாத்தா) தீர்க்கப் போனால் 'சிக்கெடுத்துட்டு வர்றேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். அவசரப்பட்டு இழுத்தவரைப் பற்றி 'நூலை அத்துப்போட்டான்' என்பார். 'நூலிழையில் தப்பிச்சான்' என்பதும் எங்கள் வீட்டுச் சொல்தான்.

இதெல்லாம் என் மகனுக்குத் தெரியாது. அவனுக்கு 'ப்ராப்ளம் சால்வ்' தெரியும். எனக்கு அதுதான் வருத்தம்.

நொய்யல்கரை

தறி அண்ணா, நீங்கள் சொல்வது நெஞ்சில் படுகிறது. ஆனால் எனக்கு இது சோறு. அந்த மெயிலைத் தப்பாகப் படித்ததால் இரண்டு லைன் நின்றது. அதில் ஒரு அக்கா, மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. அவர்கள் பேச்சைக் கற்றுக்கொள்வதால் நம் பேச்சு போய்விடாது என்று நம்புகிறேன். 'சிக்கெடுக்கிறது' என்பதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இனி இடது பக்கம் அவர்கள் தொடர், வலது பக்கம் நம் தொடர்.

சென்னிமலைத் தறி

அப்படியானால் சரி. வலது பக்கத்துக்கு நான் ஆள்.

கோபி டீச்சர்

எரிச்சலுக்கு வருவோம், அங்கேதான் நம் மொழியும் அவர்கள் மொழியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அவர்கள் தொந்தரவு பிடித்த ஆளை 'பெய்ன் இன் த நெக்' என்கிறார்கள், கழுத்து வலி. நாம் 'கழுத்தறுப்பு' என்கிறோம். அவர்களுக்கு வலிக்கிறது, நமக்கு அறுக்கிறது! அறுவை, ரம்பம், பிளேடு என்று ஒரு ஆயுதக்கிடங்கே வைத்திருக்கிறோம். ஆனால் பொருள் கொஞ்சம் விலகும். கழுத்தறுப்பு என்றால் பேசிப் பேசிச் சலிக்க வைப்பவர். 'பெய்ன் இன் த நெக்' ஆளாகவும் இருக்கலாம், வேலையாகவும் இருக்கலாம், ஒரு பாரமாகவும் இருக்கலாம். 'திஸ் லேபிள் இஸ் எ பெய்ன் இன் த நெக்' என்று எழுதினால், அந்த லேபிள் வேலை பெரிய ரோதனை என்று பொருள்.

'கடுப்பு' என்ற சொல்லையும் பாருங்கள். இப்போது பிள்ளைகள் 'செம கடுப்பு' என்று கோபத்துக்குச் சொல்கிறார்கள். ஆனால் 'கால் கடுக்க நின்றேன்', 'வயிற்றுக் கடுப்பு' என்கிறோமே, கடுப்பு என்றால் முதலில் வலிதான். எரிச்சலும் அப்படியே, தோலில் எரிவதுதான் மனதுக்குப் போனது. உடம்பு வலி மன வலியாக மாறுவது இரண்டு மொழியிலும் ஒன்றுபோல நடந்திருக்கிறது. யாரும் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை.

'கெட்ஸ் மை கோட்' அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. பந்தயக் குதிரையை அமைதிப்படுத்தக் கொட்டடியில் ஆடு கட்டி வைப்பார்கள், எதிராளி ஆட்டைத் திருடிப்போனால் குதிரை மிரளும், அதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, சான்று இல்லை. 'என்னைச் சீண்டி எரிச்சல் மூட்டுகிறது' என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

லேத்துப் பட்டறை (கோவை)

டீச்சர் சொன்ன எல்போ கிரீஸுக்கு ஒரு சேர்க்கை. இங்கிலாந்துப் பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்த பையனை 'ஸ்டோரில் போய் ஒரு டப்பா எல்போ கிரீஸ் வாங்கிட்டு வா' என்று அனுப்பி விளையாடுவார்களாம். அதை நான் ரசிக்கவில்லை. பதினைந்து வயதில் பட்டறைக்குள் நுழைந்தவன் நான். தெரியாததைக் கேட்கிற பையனை அலையவிட்டால் அவன் அடுத்த முறை கேட்கவே மாட்டான், கையை மிஷினில் விடுவான்.

'நோஸ் டு த கிரைண்ட்ஸ்டோன்' பற்றியும் சொல்லுங்கள் டீச்சர். சாணைக்கல்லில் மூக்கு எதற்கு வருகிறது? அப்புறம் பைட் த புல்லட்: 1857 சிப்பாய்க் கலகத்தில் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்கச் சொன்னார்களே, அதிலிருந்துதான் வந்தது என்று எங்கள் வரலாற்று வாத்தியார் சொல்வார்.

கோபி டீச்சர்

பட்டறைக்காரரே, பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் உண்மை.

சாணைக்கல் தொடர் பதினாறாம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் ஒருவன் மூக்கை இன்னொருவன் பிடித்துச் சாணைக்கல்லில் வைப்பதாக இருந்தது, அதாவது அடக்கி ஒடுக்குவது. பிறகுதான் தானே குனிந்து கவனமாக உழைப்பது என்ற நல்ல பொருள் வந்தது. இன்றைக்கும் 'கீப்பிங் த ஸ்டாஃப்ஸ் நோசஸ் டு த கிரைண்ட்ஸ்டோன்' என்று முதலாளி சொன்னால் அதில் கொஞ்சம் பழைய கொடுமை ஒட்டிக்கொண்டிருக்கும். 'ஓடாய்த் தேய்ஞ்சான்' என்று நாம் சொல்வதில் இரக்கம் இருக்கிறது. இதில் இரக்கம் கிடையாது.

உங்கள் வாத்தியார் சொன்ன 1857 கதை பலரும் நம்புவது, ஆனால் பொருந்தாது. அன்று சிப்பாய்கள் கடிக்க வேண்டியிருந்தது மருந்து சுற்றிய காகித உறையை, குண்டை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவிலேயே ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியில், சாட்டையடி வாங்கும் சிப்பாய் கத்தாமல் இருக்க ஈயக்குண்டை மெல்லுவான் என்று குறிப்பு இருக்கிறது. கிப்ளிங் நாவல் ஒன்றில் 1891-ல் இப்போதைய பொருளுக்கு நெருக்கமாக வருகிறது. தவிர்க்க முடியாத வலியை வாய் திறக்காமல் தாங்குவது. தமிழில் யோசிக்கவே வேண்டாம்: பல்லைக் கடித்துக்கொண்டு. நமக்குக் குண்டு கிடைக்கவில்லை, பல்லையே பல்லால் கடித்தோம்.

பொள்ளாச்சி அம்மிணி

ஒரு விஷயம் சொல்லட்டுமா? இது வியாபாரம் இல்லை.

என் தங்கை இங்கிலாந்தில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு ரொம்ப முடியாமல் போய்விட்டது. அவள் வீட்டுக்காரர் டாக்டர் சொன்னதை அப்படியே மெசேஜில் அனுப்பினார்: 'ஷீ இஸ் நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்'. எங்கள் அமுச்சி (பாட்டி) பக்கத்தில் உட்கார்ந்து 'என்ன சொல்றாங்க கண்ணு' என்று கேட்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான், 'இன்னும் காட்டை விட்டு வெளியே வரலையாம்'. நமக்குக் காடு என்றால் சோளக்காடு, கடலைக்காடு. தோட்டத்துக்கு மேல் பக்கம் இருக்கிற மானாவாரி நிலம். ஆஸ்பத்திரியில் இருக்கிறவள் எந்தக் காட்டில் இருக்கிறாள் என்று அமுச்சி பதறிவிட்டார். இன்னொரு அர்த்தமும் அவருக்குத் தோன்றியிருக்கும். காட்டுக்குக் கொண்டுபோவது என்றால் நம் பக்கம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் நான் போனை வாங்கி, 'இன்னும் கண்டம் தாண்டலைங்க அமுச்சி, ஆனா தாண்டிடுவா' என்று சொன்னேன். அது அவருக்குப் புரிந்தது. கண்டம் என்றால் கடக்கக்கூடியதுதானே. மாரியாத்தா கோவிலுக்குக் காசு முடிந்து வைத்தார்.

பதினாறாவது நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தைக்கும் அம்மாவுக்கும் இப்போது நல்ல சுகம். நொய்யல்கரை அண்ணா, உங்கள் நோட்டில் இடது பக்கம் 'அவுட் ஆஃப் த வுட்ஸ்', வலது பக்கம் 'கண்டம் தாண்டியாச்சு' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை

எழுதிவிட்டேன் அம்மிணி. அமுச்சிக்கு என் வணக்கம் சொல்லுங்க.

வண்டிப்பேட்டை (காங்கேயம்)

லாஸ்ட் ஸ்ட்ராவை யாரும் தொடவில்லையே. பாரம் ஏற்றிய ஒட்டகத்தின் மேல் கடைசியாக ஒரு வைக்கோல் துரும்பு வைக்கிறார்கள், முதுகு முறிகிறது. பொறுமை முடிந்து போகிற அந்தக் கடைசிச் சின்ன விஷயம்தான் லாஸ்ட் ஸ்ட்ரா. இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது வள்ளுவர். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்". மயிலிறகுதான், ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டி அச்சு முறியும். வண்டிக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு அந்தக் குறளை விளக்கவே வேண்டாம். அச்சு முறிகிறபோது ஒரு சத்தம் வரும் பாருங்க, அதற்கு முன்னால் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

கோபி டீச்சர்

வண்டிப்பேட்டை, நீங்கள் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் ஆங்கிலத்திலும் முதலில் துரும்பு இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸும் ஜான் பிராம்ஹால் என்ற பாதிரியாரும் நடத்திய விவாதத்தில் 'கடைசி இறகு குதிரையின் முதுகை முறிக்கிறது' என்றுதான் வருகிறது. இறகு! ஒட்டகமும் துரும்பும் பிறகு வந்து நிலைத்தவை. டிக்கன்ஸ் 1840களில் எழுதியபோது துரும்பு ஆகிவிட்டது. அவர்கள் குதிரைக்கு ஏற்றினார்கள், நாம் வண்டிக்கு ஏற்றினோம். ஏற்றியது இரண்டு பேரும் இறகு.

நொய்யல்கரைத் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. இந்தத் தொடர் மெயிலில் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். 'கெட்ஸ் மை கோட்' என்று எழுதுகிறவர் புலம்புகிறார். 'திஸ் இஸ் த லாஸ்ட் ஸ்ட்ரா' என்று எழுதுகிறவர் கிளம்பத் தயாராகிவிட்டார். போனை எடுத்துப் பேசுங்கள்.

வண்டிப்பேட்டை (காங்கேயம்)

வண்டி பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. 'புட் யுவர் ஷோல்டர் டு த வீல்'. சேற்றில் வண்டி மாட்டிக்கொண்டால் சாமியைக் கூப்பிட்டு நிற்காதே, சக்கரத்துக்குத் தோள் கொடு என்று ஈசாப்புக் கதை. நாமும் தோள் கொடுப்பது என்றே சொல்கிறோம், மாற்றமே இல்லை.

ஆனால் உழைப்பென்றால் என் காதில் முதலில் விழுவது 'கவலை'. மனக்கவலை இல்லைங்க, கிணற்றுக் கவலை. மற்ற ஊர்களில் கமலை என்பார்கள். எங்கள் அப்பாரு விடிகாலை நான்கு மணிக்கு ஏற்றிவிடுவார். இரண்டு காளை, தோல் சால், வடக்கயிறு. மாடு சரிவில் இறங்கும்போது அப்பாரு வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார், அவர் பாரமும் சேர்ந்து சால் மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் மாடு பின்னாலேயே நடந்து மேலே ஏற வேண்டும். பின்னோக்கி! கண் தெரியாத திசையில் காலை வைத்து ஏறும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணினால் தலை சுற்றும். 'கவலை மாடு மாதிரி உழைச்சான்' என்று எங்கள் ஊரில் ஒருவரைச் சொன்னால் அதற்கு மேல் பாராட்டு இல்லை. செக்கு மாடு என்றால் வேறு. அது ஒரே இடத்தில் சுற்றும், போய்ச்சேரும் இடம் கிடையாது. கவலை மாட்டின் உழைப்பில் வயல் நனையும்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது, கோவையிலேயே மோட்டார் செய்தார்கள், கவலை ஒவ்வொரு கிணறாக நின்றது. எங்கள் ஊருக்கு மெதுவாகத்தான் வந்தது. மோட்டார் வந்தது நல்லதுதான், மாட்டுக்கும் மனிதனுக்கும். சொல் மட்டும் சேர்ந்து போய்விட்டது. தறி அண்ணா, வலது பக்கத்தில் இதையும் போடச் சொல்லுங்க.

சென்னிமலைத் தறி

போட்டாச்சு. 'செக்கு மாடு' தனி வரி, 'கவலை மாடு' தனி வரி.

ஹாஸ்டல் ரூம் 14

நான் காலேஜ் இரண்டாம் வருடம். எங்களுக்கு ரீல்ஸில் வருவது 'ஹஸ்ல்', 'கிரைண்ட்', ஓயாமல் உழை என்பதற்கு. ஹஸ்ல் என்பது குலுக்குவது என்று பொருள் தரும் டச்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். எனக்குப் பிடித்தது 'புல் யுவர்செல்ஃப் அப் பை யுவர் பூட்ஸ்ட்ராப்ஸ்'. சொந்த முயற்சியில் மேலே வா என்று மோட்டிவேஷன் வீடியோக்களில் சொல்வார்கள். ஆனால் தொடக்கத்தில் அது நடக்கவே முடியாத காரியத்துக்குச் சொல்லப்பட்டது. பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்க யாரால் முடியும்? கம்ப்யூட்டர் 'பூட்' ஆவதும் இதே சொல்தான், தன்னைத் தானே எழுப்பிக்கொள்வதால்.

எங்கள் அப்பா விசைத்தறி ஓட்டி என்னைப் படிக்க வைக்கிறார். அவர் தூக்கிவிட்டுத்தான் நான் மேலே வருகிறேன். அதனால் அந்தத் தொடரை நான் பயன்படுத்துவதில்லை.

ஈரோட்டுப் பொண்ணு (நியூ ஜெர்சி)

இந்த இழையை ஒரே மூச்சில் படித்தேன். தம்பி ஹாஸ்டல், நன்றாகச் சொன்னாய்.

நொய்யல்கரை அண்ணாவுக்கு முக்கியமான ஒன்று. பையர் இங்கிலாந்தா அமெரிக்காவா என்று பார்த்துவிட்டுத்தான் பொருள் எடுக்க வேண்டும். 'கிராஃப்ட்' என்று இங்கிலாந்துக்காரர் எழுதினால் கடும் உழைப்பு, பாராட்டு. அதையே அமெரிக்க ஆபீசில் சொன்னால் லஞ்சம், ஊழல். உங்களுக்கும் எனக்கும் தெரிந்த கிராஃப்ட் மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவது, அது மூன்றாவது. 'டிக்டு ஆஃப்' அமெரிக்காவில் கோபமாக இருப்பது, இங்கிலாந்தில் ஒருவரிடம் திட்டு வாங்குவது. 'பிஸ்டு' இங்கே கோபம், அங்கே குடிபோதை. இந்தக் கடைசிச் சொல்லை எந்த நாட்டு மெயிலிலும் எழுத வேண்டாம், மரியாதைக் குறைவு.

என் அனுபவத்தில், இந்தத் தொடர்களைப் புரிந்துகொண்டால் போதும், எழுதியாக வேண்டும் என்று இல்லை. நீங்கள் நேரான ஆங்கிலத்தில் எழுதினால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். புரியவில்லை என்றால் 'இதற்கு என்ன பொருள்' என்று கேட்டு ஒரு வரி எழுதுங்கள். நான் இங்கே வந்த முதல் வருடம் கேட்க வெட்கப்பட்டு எத்தனையோ மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு, ரூமுக்கு வந்து அழுதிருக்கிறேன். கேட்டபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நொய்யல்கரை

பத்து நாளாக இங்கே வர முடியவில்லை, மன்னிக்கணும். அதே இங்கிலாந்து பையர், சின்ன ஆர்டர் ஒன்று கொடுத்திருந்தார். பிரிண்டிங்கில் கலர் மாறிப்போய் ஆறாயிரம் பீஸ் திரும்பப் போட வேண்டியதாகிவிட்டது. எல்லோரும் ஒன்றரை ஷிப்ட், கடைசி இரண்டு நாள் ஃபுல் நைட். பெருந்துறைத் தம்பி சொன்னது போல, பையர் 'வி ஆர் ஆன் டென்டர்ஹூக்ஸ் ஹியர்' என்று எழுதினார். பழைய ஆளாக இருந்தால் எந்த டெண்டர் என்று தேடியிருப்பேன். இந்த முறை பத்து நிமிடத்தில் பதில் போட்டேன், எத்தனை பீஸ் முடிந்தது, எத்தனை பாக்கி என்று. அதற்குப் பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதினேன்.

லாரி கிளம்பிவிட்டது. இன்று காலை வந்த மெயிலில் ஒரு வரி: 'யூ ரியலி புல்டு இட் அவுட் ஆஃப் த பேக்'. பையிலிருந்து எதை எடுத்தோம்? டீச்சர், பதில் சொல்லுங்க, நான் இன்னும் பையருக்குப் பதில் எழுதவில்லை.

கோபி டீச்சர்

தம்பி, சந்தோஷமான செய்தி. முடியாது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் கடைசியில் சாதித்துக் காட்டினீர்கள் என்று பொருள். இங்கிலாந்துப் பேச்சு. 'சாதிச்சுட்டீங்க' என்று எழுதிக்கொள்ளுங்கள். நன்றி சொல்லிப் பதில் போடுங்கள்.

நொய்யல்கரை

போட்டுவிட்டேன். அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பவர் டேபிளுக்குப் போனேன். நின்றுபோயிருந்த அந்த இரண்டு லைனும் ஓடிக்கொண்டிருந்தது. மிஷினை நிறுத்தச் சொல்லி, 'நீங்க சாதிச்சுட்டீங்கன்னு பையர் எழுதியிருக்காருங்க' என்று படித்துக் காட்டினேன். மகனுக்குப் பீஸ் கட்ட வேண்டியிருந்த அந்த அக்கா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதுல எங்க அப்படிப் போட்டிருக்குது, காட்டுங்க' என்றார். அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். பை வரைக்கும் சொன்னேன்.

காகிதம் இப்போது அவர் மிஷினில் ஒட்டியிருக்கிறது.